வண்டிக்குக் கூடுதல் பட்டை போடலாமா?

கேள்வி: “எங்களிடம் நாலு வருடமாக ஒரு சின்ன சரக்கு வண்டி ஓடுகிறது. விடியற்காலையில் சந்தைக்குக் காய்கறி. பகலில் மகன் பனியன் கம்பெனிகளுக்குத் துணி ரோல் ஓட்டுகிறான். தென்னைக்குத் தண்ணீர் பீய்ச்சி அடிப்பதற்காக 500 லிட்டர் டேங்க்கும், இன்ஜின் வைத்த பம்ப்பும் வண்டியிலேயே பூட்டியிருக்கிறோம். ஆடு ஏற்ற இரும்புக் கூண்டு, முன்னால் கம்பி பம்பர், மேலே கேரியர் எல்லாம் இருக்கிறது. இப்போது பின்பக்கம் உட்கார்ந்துவிட்டது. இட்டேரியில் போனால் அடி தட்டுகிறது. பட்டறையில், ‘அண்ணா, பின்னால ரெண்டு பட்டை சேர்த்துப் போட்டுட்டா கல்லு மாதிரி நிக்கும்ங்க’ என்கிறார்கள். போடலாமா?”
– வாசகர் ஒருவர், பெருமாநல்லூர்

பதில்: இப்போதைக்குப் போட வேண்டாம். முதலில் வண்டியை எடை மேடைக்குக் கொண்டுபோக வேண்டும்.

விவசாயப் பத்திரிகையில் வண்டிப் பட்டையைப் பற்றிக் கேள்வியா என்று சிலர் நினைக்கலாம். பெருமாநல்லூர், குன்னத்தூர், அவிநாசிப் பக்கம் இருப்பவர்கள் அப்படி நினைக்க மாட்டார்கள். அங்கே பாதிக் குடும்பங்களுக்கு ஒரு கால் தோட்டத்திலும் ஒரு கால் திருப்பூரிலும் இருக்கிறது. வீட்டில் ஒரே வண்டி. அதுதான் தக்காளி ஏற்ற வேண்டும், சோளத்தட்டு ஏற்ற வேண்டும், நிட்டிங்கிலிருந்து டையிங்குக்கு ரோல் ஏற்ற வேண்டும். வண்டி ஒரு வாரம் பட்டறையில் நின்றால் தோட்டமும் நிற்கும், வாடகையும் நிற்கும். ஆகவே இது குடும்ப வருமானத்தைப் பற்றிய கேள்வி.

பட்டை என்ன செய்கிறது என்பதில்தான் குழப்பம் தொடங்குகிறது. வில் போல வளைந்த எஃகுத் தகடுகளை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கி, நடுவில் சென்டர் போல்ட் போட்டு, யூ போல்ட்டால் அச்சோடு கட்டியிருப்பார்கள். பாரம் ஏறினால் வளைவு நிமிரும், இறங்கினால் திரும்ப வளையும். எத்தனை கிலோவுக்கு எவ்வளவு நிமிர வேண்டும் என்பது தகட்டின் கனம், அகலம், நீளம், எண்ணிக்கை ஆகியவற்றைப் பொறுத்தது. ஐந்து தகடு உள்ள செட்டில் அதே கனத்தில் இன்னொன்று சேர்த்தால், ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு விறைப்பு கூடும். கனத்தைக் கூட்டினால் கதை வேறு. தகட்டின் கனம் இரண்டு மடங்கானால் விறைப்பு எட்டு மடங்காகும். பட்டறையில் கைக்குக் கிடைத்த பழைய லாரிப் பட்டையை வெட்டிச் சொருகும்போது நடப்பது இதுதான்.

விறைப்பு கூடினால் வண்டியின் பின்பக்கம் தூக்கி நிற்கும். அதைப் பார்த்ததும் வண்டிக்குப் பலம் வந்துவிட்டதாகத் தோன்றும். ஆனால் அச்சு அதே அச்சு. வீல் பேரிங், பிரேக், டயர், சேஸிஸ் எதுவும் மாறவில்லை. ஆர்.சி. புத்தகத்தில் எழுதியிருக்கும் மொத்த எடையும் ஒரு கிலோகூட ஏறவில்லை. முன்பு பாரம் அதிகமானால் வண்டி உட்கார்ந்து எச்சரித்தது. பட்டை சேர்த்த பிறகு அந்த எச்சரிக்கையும் வராது. கடிதத்தில் இன்னொரு வரியும் இருக்கிறது. மகன் சொல்கிறாராம்: “அப்பா, ஒரு தடவை செலவு பண்ணிட்டா இன்னும் நாலு ரோல் சேர்த்து ஏத்தலாமுங்க.” பயப்பட வேண்டியது இந்த நாலு ரோலுக்குத்தான்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஆர்.சி.யில் மொத்த எடை 1,600 கிலோ, வெறும் வண்டி எடை 880 கிலோ என்று வைத்துக்கொள்வோம். இந்த ரக வண்டிகள் பலவும் இதையொட்டித்தான் இருக்கும். வித்தியாசம் 720 கிலோ. ஓட்டுபவரும் கூட ஒருவரும் உட்கார்ந்தால் 130 கிலோ போய்விடும். மீதி 590. இனி பூட்டி வைத்திருப்பவை: கூண்டு 110, பம்பரும் கேரியரும் சேர்ந்து 45, இன்ஜினோடு பம்ப் 70, ஹோஸ் 25, காலி டேங்க் 15. ஆகமொத்தம் 265 கிலோ. 590-லிருந்து 265-ஐக் கழித்தால் 325. அதாவது, டேங்க் 500 லிட்டர் பிடித்தாலும் வண்டி சட்டப்படி சுமக்கக்கூடிய தண்ணீர் 325 லிட்டர்தான். ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ. டேங்கை நிரப்பினால் 175 கிலோ கூடுதல் பாரம்.

இதையே துணிக் கணக்கில் சொன்னால் மகனுக்கு உடனே விளங்கும். ஒரு ரோல் 25 கிலோ என்றால், எதுவும் பூட்டாத வண்டியில் 23 ரோல் ஏற்றலாம். கூண்டும் பம்ப்பும் பம்பரும் நிரந்தரமாக உட்கார்ந்திருந்தால் 13 ரோல்தான். ஒவ்வொரு நடையிலும் பத்து ரோல் வாடகையை அந்த இரும்புக்குக் கொடுத்துக்கொண்டிருக்கிறார்கள். அதைச் சுமப்பதற்கு டீசல் செலவு வேறு.

கழற்றிப் பார்த்தால் கணக்கு எப்படி மாறுகிறது? தண்ணீர் அடிக்கும் நாளில் கூண்டு தேவையில்லை. பம்பரும் கேரியரும் எந்த நாளிலும் தேவையில்லை. இவை இல்லாவிட்டால் பம்ப், ஹோஸ், டேங்க் 110 கிலோ போக 480 கிலோ மிச்சம். ஒரு பட்டைகூடச் சேர்க்காமல் 325 லிட்டர் 480 லிட்டராகிவிட்டது. கூண்டை வெல்டிங் வைக்காமல், நாலு மூலையிலும் போல்ட் போட்டு, இரண்டு பேர் கால் மணி நேரத்தில் இறக்கி வைக்கும்படி மாற்றிக்கொள்வது பட்டை போடுவதைவிடச் சுலபமான வேலை.

முன்பக்கக் கம்பி பம்பரைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் 2017 டிசம்பரிலேயே இதைப் பூட்டக்கூடாது என்று எல்லா மாநிலங்களுக்கும் எழுதிவிட்டது. மோட்டார் வாகனச் சட்டம் 1988-ன் 52-வது பிரிவுக்கு அது முரண். எதிரே வருபவருக்கும் ஆபத்து, உள்ளே இருப்பவருக்கும் ஆபத்து. மோதும்போது நசுங்கி வேகத்தை வாங்கிக்கொள்ள வேண்டிய பாகத்துக்கு முன்னால் கனத்த இரும்பு நின்றால், அதிர்ச்சி நேராகச் சேஸிஸுக்கும் ஆட்களுக்கும் போகும். அதைக் கழற்றுவதில் யோசிக்க எதுவும் இல்லை.

எடை மேடையில் வெறுமனே மொத்த எடை போட்டால் போதாது. டேங்க் நிரப்பி, ஆட்கள் உட்கார்ந்து, வழக்கமாகப் போகிற மாதிரியே வண்டியைக் கொண்டுபோக வேண்டும். முதலில் முன் சக்கரங்களை மட்டும் மேடையில் ஏற்றி ஒரு சீட்டு. பிறகு முழு வண்டியையும் ஏற்றி ஒரு சீட்டு. இரண்டையும் கழித்தால் பின் அச்சின் எடை வரும். பல வண்டிகள் மொத்த எடையில் சரியாக இருந்தும் பின் அச்சில் தாண்டியிருக்கும். காரணம், பாரம் உட்கார்ந்திருக்கும் இடம். 70 கிலோ பம்ப்பை வண்டியின் வாலில், பின் அச்சுக்கு 80 சென்டிமீட்டர் பின்னால் பூட்டியிருந்தால், அச்சுகளுக்கு இடையே 2.1 மீட்டர் உள்ள வண்டியில் பின் அச்சில் ஏறுவது 70 கிலோ அல்ல, 97 கிலோ. மிச்ச 27 கிலோ முன் அச்சிலிருந்து தூக்கப்படுகிறது. ஏற்றத்தில் தண்டின் ஒரு முனையை மிதித்தால் மறுமுனை எழும்புவதுபோல. முன் சக்கரம் லேசானால் ஸ்டீயரிங் லேசாகும், முன் பிரேக்கின் பிடிப்பும் குறையும். பம்ப்பை டேங்குக்கு முன்னால், டிரைவர் கேபினை ஒட்டி நகர்த்தி வைத்தாலே பின்பக்கம் உட்காருவது கண்ணுக்குத் தெரிகிற அளவு குறையும்.

டயரையும் அப்போதே பார்த்துவிடலாம். டயரின் பக்கவாட்டில் அளவுக்குப் பக்கத்தில் ஓர் எண் இருக்கும். அது பாரக் குறியீடு. 86 என்றால் ஒரு டயர் 530 கிலோ தாங்கும், 100 என்றால் 800 கிலோ, 108 என்றால் 1,000 கிலோ. அதுவும் கம்பெனி சொன்ன காற்று இருந்தால்தான். இரண்டு பின் டயர்களின் தாங்குதிறனைக் கூட்டி, சீட்டில் வந்த பின் அச்சு எடையோடு ஒப்பிட வேண்டும். மலிவாகக் கிடைக்கிறது என்று கார் டயரை மாட்டியிருந்தால் அங்கேயே பதில் கிடைத்துவிடும்.

நாலு வருட வண்டி உட்கார்ந்துவிட்டது என்றால், பாரம் மட்டும் காரணம் என்று முடிவு கட்டவும் கூடாது. காலி வண்டியைச் சமதரையில் நிறுத்தி, பின் சக்கரத்தின் நடுவிலிருந்து மேலே பாடியின் விளிம்பு வரை இரண்டு பக்கமும் டேப்பால் அளக்க வேண்டும். ஒரு பக்கம் தாழ்ந்திருந்தால் அந்தப் பக்கம் தகடு உடைந்திருக்கலாம். மேலே மெயின் பட்டை நன்றாக இருக்க, இரண்டாவது மூன்றாவது தகடு சென்டர் போல்ட் துளையில் உடைந்து கிடப்பது அடிக்கடி நடக்கும். சேறு படிந்திருந்தால் தெரியவே தெரியாது. ஷாக்கிள் புஷ் தேய்ந்திருக்கலாம், ஷாக் அப்சர்பரில் எண்ணெய் கசிந்திருக்கலாம். இவற்றில் எது இருந்தாலும், புதிதாகச் சேர்க்க வேண்டாம், கம்பெனி பட்டையைப் பழையபடி முழுதாகப் போட்டாலே வண்டி நிமிர்ந்துவிடும். செலவும் குறைவு, சட்டச் சிக்கலும் இல்லை.

சில இடங்களில் தளர்ந்த பட்டையைக் கழற்றி, உலையில் காய்ச்சி, அடித்து வளைவு ஏற்றித் தருகிறார்கள். அதை ஒப்புக்கொள்ளக் கூடாது. பட்டை எஃகுக்கு ஸ்பிரிங் குணம் வருவது ஆலையில் கொடுத்த பதத்தால். சிவக்கக் காய்ச்சினால் அந்தப் பதம் போய்விடும். லாரிப் பட்டையில் அடித்த அரிவாள் நன்றாக வெட்டும் என்பது ஊரறிந்தது. கொல்லர் அதைக் காய்ச்சி, அடித்து, அரிவாளுக்கு வேண்டிய பதத்தைப் புதிதாகக் கொடுக்கிறார். உலையில் போய்வந்த பட்டை வண்டிக்குத் திரும்பினால் ஒரு மாதத்தில் மறுபடி உட்காரும், அல்லது ஓடும்போதே முறியும்.

இனி இட்டேரி. கரடுமுரடான தடத்துக்கு விறைப்பான பட்டைதான் நல்லது என்று நினைப்பது இயல்பு. நடப்பது நேர்மாறு. இருபக்கமும் வேலி, நடுவில் சரளை, குறுக்கே மழைநீர் அறுத்த பள்ளம் என்று இருக்கும் தடத்தில், ஒரு சக்கரம் மேட்டில் ஏறும்போது அடுத்த சக்கரம் பள்ளத்தில் இறங்கித் தரையைத் தொட வேண்டும். பட்டை வளைந்து கொடுத்தால் தொடும். விறைப்பாக இருந்தால் அந்தச் சக்கரம் காற்றில் தொங்கும். சாதாரண டிஃபரன்ஷியல் உள்ள வண்டியில் தொங்கும் சக்கரம் மட்டும் சுற்றும், வண்டி நகராது. பின்பக்கம் உயர்ந்துவிட்டால் டேங்கின் எடையும் உயரத்துக்குப் போகும். சாய்ந்த தடத்தில் பாதி நிரம்பிய டேங்க் இருக்கிறதே, அதுதான் மிக ஆபத்து. தண்ணீர் ஒரு பக்கம் ஓடி வண்டியைச் சாய்க்கும். உள்ளே தடுப்பு வைத்த டேங்க், உயரம் குறைந்து அகலம் கூடிய டேங்க் வாங்குவது பட்டைக்குச் செலவழிப்பதைவிட மேல்.

காய்கறியும் இதில் இருக்கிறது. காலி வண்டியிலோ அரைப் பாரத்திலோ விறைத்த பட்டை குதிக்கும். தக்காளிக் கூடையின் அடிவரிசை சந்தைக்குப் போவதற்குள் நசுங்கிவிடும். 500 கிலோ தண்ணீருக்காகப் போட்ட பட்டை, 200 கிலோ தக்காளியைத் தினமும் உலுக்கும்.

பிரேக் விஷயம் பட்டறைகளில் பெரும்பாலும் பேசப்படுவதில்லை. பல பிக்கப் வண்டிகளில் பின் அச்சுக்கும் சேஸிஸுக்கும் நடுவே ஒரு கம்பியோடு சின்ன வால்வு இருக்கும். பின்பக்கம் எவ்வளவு தாழ்ந்திருக்கிறது என்று பார்த்து, அதற்கேற்பப் பின் பிரேக்குக்கு அழுத்தம் அனுப்புவது அதன் வேலை. தாழ்ந்திருந்தால் பாரம் இருக்கிறது, அழுத்தம் கூட்டு. உயர்ந்திருந்தால் காலி, குறை. பட்டை சேர்த்துப் பின்பக்கம் தூக்கிவிட்டால், அரை டன் தண்ணீர் இருக்கும்போதும் வால்வு காலி வண்டி என்று நினைத்துக்கொள்ளும். பெருமாநல்லூரில் இட்டேரியிலிருந்து வெளியே வந்தால் ஐந்து நிமிடத்தில் சேலம் – கொச்சி நெடுஞ்சாலை. தோட்டத்தில் பத்து கிலோமீட்டர் வேகத்தில் தெரியாத குறை, அங்கே அறுபதில் போகும்போது முன்னால் லாரி நின்றால்தான் தெரியும்.

சட்டம் என்ன சொல்கிறது என்பதும் தெரிந்திருக்க வேண்டும். ஆர்.சி.யில் உள்ள விவரங்களுக்கு மாறாக, தயாரித்த கம்பெனி குறிப்பிட்டதிலிருந்து வண்டியை மாற்றக்கூடாது என்கிறது 52-வது பிரிவு. கேரளாவிலிருந்து போன ஒரு வழக்கில் உச்ச நீதிமன்றம் 2019 ஜனவரியில் இதை உறுதி செய்தது. அனுமதியில்லாத மாற்றம் செய்த உரிமையாளருக்கு, 2019 திருத்தத்தின்படி ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம் அல்லது ஆறு மாதம் வரை சிறை அல்லது இரண்டும். அதிக பாரத்துக்கு 194-வது பிரிவில் 20,000 ரூபாய், அதற்குமேல் கூடுதலான ஒவ்வொரு டன்னுக்கும் 2,000 ரூபாய். அதிகப்படியான சரக்கை இறக்கும் கூலியும் வண்டிக்காரர் தலையில். விபத்து நடந்து இன்சூரன்ஸ் கேட்கப் போகும்போது, சர்வேயர் முதலில் பார்ப்பது எடைச் சீட்டையும் வண்டியில் செய்த மாற்றங்களையும்தான்.

கூடுதல் பட்டை யாருக்குமே கூடாது என்பதில்லை. வருடம் முழுவதும் கூலிக்கு மருந்தடிக்கும் வண்டி, டேங்கும் பம்ப்பும் என்றைக்கும் இறங்காது, எல்லாம் சேர்ந்தும் ஆர்.சி. எடைக்குள் இருக்கிறது, ஆனால் நிரந்தரப் பாரத்தால் வண்டி எப்போதும் தாழ்ந்தே நிற்கிறது – இவர் மாற்றலாம். அவரும் போக வேண்டியது அந்தக் கம்பெனியின் சர்வீஸ் சென்டருக்கு. அதே மாடலில் கனத்த பட்டை செட் கம்பெனியே கொடுக்கிறதா என்று கேட்டு, எழுத்தில் வாங்கி, இரண்டு பக்கமும் ஒரே மாதிரி போட வேண்டும். கூடவே புஷ், யூ போல்ட், ஷாக் அப்சர்பர் பார்க்க வேண்டும். பிரேக் வால்வின் கம்பியைப் புதிய உயரத்துக்குச் சரிசெய்ய வேண்டும். ஹெட்லைட்டின் கோணத்தையும் புதிய உயரத்துக்குச் சரிசெய்ய வேண்டும். ஒரு வாரம் ஓடிய பிறகு யூ போல்ட்டை மறுபடி முறுக்க வேண்டும். இத்தனையும் செய்யாமல் பட்டை மட்டும் போடுவது அரை வேலை.

கேள்வி கேட்டவர் அந்த நிலையில் இல்லை. அவருக்குத் தண்ணீர் டேங்க் எதற்கு? தென்னையில் சுருள் வெள்ளை ஈ. 2016-ல் பொள்ளாச்சிப் பக்கம் தென்பட்டதிலிருந்து கொங்கு நாட்டுத் தென்னையை விடாத பூச்சி. ஓலையின் அடிப்பக்கம் படும்படி தண்ணீரை வேகமாகப் பீய்ச்சி அடிப்பதைத் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகமும் சொல்கிறது. பூச்சிமருந்து வேண்டாம், மஞ்சள் ஒட்டுப்பொறி கட்டலாம், என்கார்சியா ஒட்டுண்ணியைக் காக்கலாம் என்பதும் அதே பரிந்துரையில் இருக்கிறது. இந்த வேலை வறண்ட மாதங்களில் சில நாட்கள். அந்தச் சில நாட்களுக்காக வண்டியின் முதுகை வருடம் முழுவதும் மாற்றி வைக்க வேண்டுமா? 2016-ல் வடகிழக்குப் பருவமழை பொய்த்து, 2017 ஜனவரியில் எல்லா மாவட்டங்களையும் வறட்சி என்று அறிவித்தபோது, தென்னையைக் காப்பாற்ற வண்டியில் தண்ணீர் சுமந்த காலம் வேறு. அத்திக்கடவு – அவிநாசித் திட்டம் 2024 ஆகஸ்டில் தொடங்கி வைக்கப்பட்டது. மூன்று மாவட்டங்களில் 1,045 குளம் குட்டைகளுக்குத் தண்ணீர் கொடுக்கும் திட்டம் அது. பக்கத்துக் குட்டை நிறைந்து கிணறு ஊறினால், டேங்கைத் தோட்டத்து மூலையில் ஒரு மேடை கட்டி இறக்கி வைத்து, மோட்டாரிலிருந்து நிரப்பிக்கொள்ளலாம். பம்ப்பும் ஹோஸும் மட்டும் தள்ளுவண்டியில் போகட்டும். சிறு, குறு விவசாயிக்குச் சொட்டுநீர்ப் பாசனத்துக்கு முழு மானியம் இருப்பதையும் வேளாண்மை விரிவாக்க மையத்தில் கேட்டுப் பார்க்கலாம்.

தோட்டத்துக்குள் பாரவண்டி போவதில் இன்னொரு கெடுதல் உண்டு. மேல்மண் இறுகுவது டயரின் காற்றழுத்தத்தைப் பொறுத்தது. ஆனால் அடிமண் இறுகுவது அச்சின் எடையைப் பொறுத்தது. ஈரச் செம்மண்ணில் கனத்த வண்டி ஒரே தடத்தில் போய்வந்தால், உழவுக்கு எட்டாத ஆழத்தில் கெட்டிப்படும். மேலே தடம் மறைந்த பிறகும் அந்த வரிசையில் மக்காச்சோளம் குட்டையாக நிற்பதை வைத்துக் கண்டுபிடிக்கலாம். அதை உடைக்க உளிக்கலப்பையை அரை மீட்டர் இடைவெளியில் நெடுக்காகவும் குறுக்காகவும் ஓட்ட வேண்டியிருக்கும். தென்னையில் மரத்தைச் சுற்றி ஆறடி வட்டப்பாத்திக்குள் வண்டிச் சக்கரம் ஏறவே கூடாது. உரம் எடுக்கும் வேர் அங்கேதான் இருக்கிறது. மழை பெய்த மூன்று நாளுக்கு வண்டியை வரப்போரம் நிறுத்தி, ஹோஸை இழுத்துக்கொண்டு போவதே சரி.

ஆக, பெருமாநல்லூர் வாசகர் இந்த வாரம் செய்ய வேண்டிய வேலை இதுதான்: பம்பரையும் கேரியரையும் கழற்றி, கூண்டை இறக்கி, பம்ப்பை முன்னால் நகர்த்தி, டேங்கில் 400 லிட்டருக்கு ஒரு பெயின்ட் கோடு போட்டு, அதுவரை நிரப்பி எடை மேடைக்குப் போவது. இரண்டு சீட்டையும் ஆர்.சி. நகலோடு மகன் கையில் கொடுத்து வைக்கட்டும். அதற்குப் பிறகும் காலி வண்டி தாழ்ந்து நின்றால், எல்லாத் தகட்டையும் கழற்றிக் கழுவி, சென்டர் போல்ட் துளையைச் சுற்றி விரிசல் இருக்கிறதா என்று பட்டறைக்காரர் முன்னாலேயே நின்று பார்க்க வேண்டும். உடைந்திருந்தால் கம்பெனி பட்டை ஒரு செட், இரண்டு பக்கமும்.